மாமாவின் கன்னத்தில் ஊதாக் கட்டம்

என் மாமா மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர் என்று இப்போதெல்லாம் யாரிடமும் தயங்காமல் சொல்கிறேன். கேட்பவர்கள் அவரைப் பேராசிரியர் என்று நினைத்துக்கொண்டால் உடனே திருத்துவதும் இல்லை. அம்மாவின் அண்ணனான அவர், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பஸ் கண்டக்டர். எங்கள் மயிலாடியிலிருந்து நாகர்கோவில் போகும் வண்டியில் யார் எங்கே இறங்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். இறங்க வேண்டியவரே உறங்கிப்போனாலும் மாமா மறக்க மாட்டார். தோளைத் தட்டி எழுப்பி, மறந்துவைத்த குடையையும் கையில் கொடுத்து இறக்கிவிடுவார்.

இடது கன்னத்துக்குள் வெற்றிலையும் புகையிலையும் ஒதுக்கிவைத்திருப்பது அவர் வழக்கம். அந்த இடத்தில் ஒரு புண் வந்தது, ஆறவில்லை. நாகர்கோவில் டாக்டர் அவரைத் திருவனந்தபுரத்துக்கு, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே புண்ணிலிருந்து துளிச் சதையைக் கிள்ளியெடுத்துச் சோதித்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை. வீடே அழுதபோது மாமா மட்டும் வேறொரு செய்தியோடு வந்திருந்தார்.

“என் கன்னத்தைக் கண்ணாடித் துண்டுல வச்சுப் பயலுவ படிக்கானுவ, கேட்டியா? நான் எட்டாங்கிளாஸோட நின்னுட்டேன். கன்னம் மெடிக்கல் காலேஜ் வரை போயிட்டு.”

“வாயில புண்ணு வந்தும் வாய் அடங்குதா பாரு” என்று மாமி அழுகையினூடே சிரித்துவிட்டார்.

கதிர்வீச்சு கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. ஊரில் அதற்குக் ‘கரண்டு வைப்பது’ என்று பெயர். தொடங்கும் முன்பு டாக்டரம்மா மாமாவின் கன்ன எலும்பிலிருந்து தாடைக்குக் கீழே வரை ஊதா மையால் ஒரு கட்டம் வரைந்தார். கதிர் அந்தக் கட்டத்துக்குள்தான் விழ வேண்டும். ஆகவே கோடு அழியக் கூடாது. தண்ணீர் படக் கூடாது, எண்ணெய் கூடாது. ஒவ்வொரு நாளும் புறப்படும்போது நர்ஸ் இதைச் சொல்லித்தான் அனுப்புவார்.

அப்போது எனக்கு அரைப்பரீட்சை விடுமுறை. மாமிக்குக் கைக்குழந்தை இருந்ததால் துணைக்கு நான் போனேன். வாய் வெந்து மாமாவுக்குப் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. நர்ஸுகளின் மலையாளத்தைக் கேட்டு மாமாவிடம் சொல்வதும், மாமா சொல்வதை அவர்களிடம் சொல்வதும் என் வேலையாகிவிட்டன. வழியில் பார்க்கும் கண்டக்டர்களிடமெல்லாம் மாமா என்னைக் காட்டி, “எங்க டாக்டரு” என்பார். நான் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பேன்.

ஊருக்குள் வந்தால்தான் தலை குனியும். மாமா துண்டால் கன்னத்தை மறைக்க மாட்டார். “மறைக்கதுக்கு இதென்ன திருட்டுப் பொருளா? டாக்டரம்மா கைப்பட வரைஞ்சதாக்கும்” என்பார். கடைத்தெருவில் அந்தக் கட்டத்தைப் பார்க்காதவர் இல்லை. என்னோடு ஞாயிறு பள்ளியில் படித்த பையன் ஒருவன், “ஏலே, ஒம் மாமன் மூஞ்சில பாண்டி வெளையாடலாம்லா. ஒரு சில்லு கொண்டா” என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். இதை எழுதும்போதும் அந்தச் சிரிப்பு என் வாயிலேயே இருப்பதுபோல் கசக்கிறது.

கிறிஸ்துமஸ் அன்று கோயிலில் பிள்ளைகளின் நாடகம். எனக்குத் தேவதூதன் வேடம். சிறகுக்கு வெள்ளித்தாள் வாங்கித் தந்ததே மாமாதான். “முன் வரிசையில இருந்துதான் பாப்பேன்” என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வசனம் மறக்கத் தொடங்கியது. மேடையில் நான், எதிரே முன் வரிசையில் ஊதாக் கட்டம், பின்னால் சில்லு கேட்டவன். இந்தக் காட்சியைத் தவிர வேறெதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

பண்டிகைக்கு முந்தின நாள், திரும்பி வரும் பஸ்ஸில் சொன்னேன்.

“மாமா, பண்டிகைக்கு மூஞ்சி கழுவலாமாம். சிஸ்டர் சொன்னாங்க.”

மாமா ஜன்னல் பக்கமிருந்து என்னை நோக்கித் திரும்பினார். “எப்பம் சொன்னாவ?”

“நீங்க உள்ள கரண்டு வைக்கப் போயிருக்கும்ப.”

“சோப்பும் போடலாமாமா?”

“ஆமா.”

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்திருந்தார். பிறகு, “அப்பம் சரி மக்கா. நாளைக்கி நீயே தேய்ச்சு விடு” என்றார்.

மறுநாள் காலையில் கிணற்றடியில் கல்மேல் அமர்ந்து கன்னத்தை எனக்குக் காட்டினார். நான் தேங்காய் நாரில் சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். மை எளிதில் போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். மாமாவின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. சோப்பு பட்டுவிட்டது என்று நினைத்து இன்னொரு வாளி தண்ணீர் இறைத்து ஊற்றினேன். “மிச்சம் இருக்கா?” என்று கேட்டார். “கொஞ்சம்” என்றேன். “அதையும் எடுத்திரு.”

அன்று மாலை மாமா முன் வரிசையில் இருந்தார். கன்னம் சிவந்திருந்தது, ஆனால் கோடில்லை. நான் ஒரு சொல்கூடப் பிசகாமல் நற்செய்தி அறிவித்தேன். எல்லாருக்கும் முன்பாகக் கைதட்டியவர் மாமா.

பண்டிகை கழிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் கன்னத்தைப் பார்த்ததும், “அய்யோ, கழுகருதுன்னு தெனமும் பறஞ்சதல்லே!” என்று கத்திவிட்டார். கழுவக் கூடாது என்று தினமும் சொன்னதுதானே என்று அர்த்தம். கதிர்பட்டு வெந்திருந்த தோல், நார் பட்ட இடமெல்லாம் உரிந்து கசிந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா வந்தார். புண் ஆறாமல் கோடு வரைய முடியாது, கோடில்லாமல் கரண்டு வைக்க முடியாது என்றார். நான் மாமாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யார் கழுவச் சொன்னது என்று டாக்டரம்மா கேட்டார். இப்போது மாமாவின் விரல் என்னை நோக்கி நீளும் என்று காத்திருந்தேன்.

“யாரும் சொல்லல டாக்டரம்மா. பண்டிகைல்லா, மறந்து குளிச்சிட்டேன்.”

மாமாவின் ஞாபகசக்தி நல்ல வேளையாகக் கெட்டுவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. ஊர் வந்து சேரும் வரை பஸ்ஸில் நிம்மதியாக உறங்கினேன்.

மாமா பிழைத்தார். மறுபடியும் பஸ்ஸில் ஏறினார். வயதாகி, பேரப்பிள்ளைகளைக் கண்டு, வேறொரு நோயில்தான் போனார். என் மகள் இன்று அதே ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவில் மருத்துவர். வாய்ப்புற்று ஏன் சிலருக்குத் திரும்ப வருகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. இப்போது முகத்தில் கோடு போடுவதில்லை என்றாள். முகத்தின் அச்சாக ஒரு வலைமூடி செய்து, அதன்மேல் குறிக்கிறார்களாம். எடுத்துக் காட்டினாள். கையில் வாங்கி வெகுநேரம் வைத்திருந்தேன். நடுவில் சில நாள் சிகிச்சை நின்றுபோனால் என்ன ஆகும் என்று, யாருக்காகவோ கேட்பதுபோல் கேட்டேன். “நிக்கவே கூடாதுப்பா. அந்த இடைவெளில அது மறுபடி வளர ஆரம்பிச்சிரும்” என்றாள். அன்றுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாமா இருந்தவரை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல எத்தனையோ வருஷங்கள் கிடைத்திருந்தும் சொல்லவில்லை.

மருத்துவக் கல்லூரியில் அவர் நடத்திய முதல் பாடத்தை நான் நேரில் கேட்டிருக்கிறேன். புண் ஆறி மறுபடி கோடு வரைந்த நாள் அது. வெள்ளைக் கோட்டு போட்ட மாணவர்கள் மாமாவைச் சுற்றி நின்றார்கள். நான் கதவோரம் நின்றேன். கோடு அழிந்தால் என்னவெல்லாம் கெடும் என்று விளக்கிவிட்டு டாக்டரம்மா, “நீங்களும் இவங்களுக்கு ஏதாவது சொல்லுங்க” என்றார். மாமா வெந்த வாயை மெதுவாகத் திறந்தார்.

“கோடு போடும்ப சீக்காளிகிட்ட மட்டும் சொன்னா பத்தாது, மக்களே. வீட்டுல பிள்ளைய இருக்கும்லா, அதுகளையும் கூப்பிட்டு வச்சுச் சொல்லணும். எங்களுக்கு அது கன்னத்துல கெடக்கு, கண்ணுல படாது. அதுகதான் நாள் முழுக்கப் பாத்துட்டு நடக்கணும்.”

ஒரு மாணவர் அதைக் குறித்துக்கொண்டார். அதைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் மாமா சொல்லி டாக்டர்கள் எழுதுகிறார்கள்! அன்று மாலை தெருவில் முதலில் அகப்பட்டவன் அந்தச் சில்லு கேட்ட பையன்தான். மாமா சொன்னதை ஒரு சொல் விடாமல் அவனிடம் ஒப்பித்தேன்.

“எந்த வீட்டுப் பிள்ளையலே?” என்று கேட்டான்.

“யாருக்குத் தெரியும்? அங்க தெனமும் எத்தனையோ பேரு வாறாவ” என்றேன்.