மீன் லேப் மேடமும் நான் கேட்கப் போன சீட்டும்

பிரிசில்லா மேடம் போய்விட்டார் என்ற செய்தி என் பேத்தி நித்யாவின் செல்போனில்தான் வந்தது. பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளேயிருந்து வந்து நின்றாள்.

"தாத்தா, மேடம் போய்ட்டாங்களாம்."

"எந்த மேடம்?"

"உன் மேடம்தான். மீன் லேப் மேடம்."

கேட்டவுடன் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஐயையோ, அப்ப உன் சீட்டு இன்னா ஆவும்?"

நித்யா என்னையே பார்த்தாள். "இன்னா தாத்தா நீ" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் இதை எழுதுகிறாள். "இதையும் எழுதணுமா?" என்று கேட்டாள். எழுது என்றேன். மேடத்திடம் படித்த நீங்கள் எல்லாரும் சேர்ந்து நினைவு மலர் போடுகிறீர்கள். பழைய அட்டெண்டர் கன்னியப்பனும் நாலு வார்த்தை சொல்லட்டும் என்று ஆள் அனுப்பினீர்கள். நல்ல வார்த்தைகளை நீங்கள் எல்லாரும் சொல்வீர்கள். என்னிடம் இருப்பது வேறு.

பல்கலைக்கழகத்து மீன் உடலியல் ஆய்வகத்தில் தொட்டி கழுவுவது, தண்ணீர் மாற்றுவது, தீனி போடுவது என் வேலை. மேடம் அங்கே ஆராய்ச்சி மாணவியாக வந்தபோதே நான் இருந்தேன். மீன் எப்படி மூச்சு விடுகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. வெயிலில் எப்படி, சாக்கடை கலந்த தண்ணீரில் எப்படி, பசியில் எப்படி என்று வாழ்நாள் முழுக்க அதையே பார்த்தார். முதல் நாள் என்னை "அண்ணா" என்றார். பேராசிரியராகி, துறைக்கே தலைவரான பிறகும் அண்ணாதான்.

அவர் ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கும் விதம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் எல்லாரும் அப்படி வந்தவர்கள்தான். இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஃபைலுமாக வருவீர்கள். ஃபைலை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றச் சொல்லி, விரால் தொட்டி முன்னால் உட்கார வைப்பார். தொட்டியைச் சுற்றிக் கறுப்புத் துணி, அதில் பார்க்க ஒரு சின்னத் துவாரம். விரால் தண்ணீருக்குள்ளேயே இருந்துவிடாது. அவ்வப்போது மேலே வந்து வாயால் காற்றை இழுத்துக்கொண்டு போகும். அது வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

ஒருமுறை டை கட்டிக்கொண்டு வந்தவர் பொறுமை இழந்து கண்ணாடியை விரலால் தட்டினார். மீன் சட்டென்று மேலே வந்தது. "வந்துடுச்சு மேடம்!" என்று கத்தினார். மேடம் சிரிக்காமல் சொன்னார்: "அது மூச்சு இல்ல தம்பி, பயம். மீன் தானா மேல வரணும். நீங்க வரவெச்சா அது உங்க கணக்கு, மீனோட கணக்கு இல்ல."

இன்னொரு சமயம், பெரிய இடத்து ஆள் ஒருவர் ஸ்வீட் பாக்ஸும் கையுமாகத் தன் அக்கா மகனைக் கூட்டி வந்தார். "நம்ம பையன் மேடம், பாத்து செய்ங்க" என்றார். "எல்லாரும் நம்ம பசங்கதான் சார், உக்காரட்டும்" என்று சொல்லி, ஸ்வீட்டை என்னிடம் கொடுத்து எல்லாருக்கும் கொடுக்கச் சொன்னார். அந்தப் பையன் அசையாமல் உட்கார்ந்தான். அவனைத்தான் எடுத்தார். அன்று சாயங்காலம் என்னிடம் வருத்தப்பட்டார்: "மாமாவைக் கூட்டிட்டு வராம இருந்தாலும் இவனை எடுத்திருப்பேண்ணா. அது அவனுக்குத் தெரியவே போறதில்ல. மாமா சொல்லித்தான் கெடச்சுதுன்னு காலம் பூரா நெனச்சுக்குவான். பாவம்." எனக்கு அது நன்றாக நினைவிருந்தது. நினைவிருந்தும்தான் நானும் அதையே செய்தேன்.

நித்யா விலங்கியல் படித்து முடித்தாள். மேடத்தின் ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தானாகவே விண்ணப்பம் போட்டிருந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். தாம்பரம் மார்க்கெட்டில் ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு சிட்லபாக்கத்தில் மேடம் வீட்டுக்குப் போனேன். கேட்கப் போகிற இடத்துக்கு வெறுங்கையோடு போகக்கூடாதே என்றுதான் பழம்.

மேடமே வந்து கேட்டைத் திறந்தார். தலையில் துணி சுற்றியிருந்தார். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வாங்க" என்றார். நின்று மூச்சு இழுத்துக்கொண்டு "அண்ணா" என்றார்.

"இளைச்சுட்டீங்க மேடம். வாக்கிங் போறீங்களா?" என்றேன்.

"வாக்கிங்கா? இந்தக் கேட் வரைக்கும்தாண்ணா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

தொட்டியில் ஒரு மீன் வழக்கத்தைவிட அடிக்கடி மேலே வந்தால் மேடத்திடம் ஓடிப்போய்ச் சொல்கிறவன் நான். அந்த வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். எதிரில் நின்ற மனுஷி மூச்சுக்குத் தவிப்பது என் கண்ணில் படவில்லை. சோபாவில் உட்கார்ந்து பேத்தியின் மார்க்கைச் சொன்னேன், அவள் காலையில் எழுந்து படிப்பதைச் சொன்னேன், அப்பன் இல்லாத பெண் என்பதைச் சொன்னேன். மேடம் கண்ணை மூடிக் கேட்டார். என் கதையில் உருகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் சொன்னார்: "திங்கட்கிழமை மத்தவங்களோட வரட்டும்ணா. தொட்டி முன்னாடி உக்காரட்டும். நீங்க வந்து கேட்டீங்கன்னு மட்டும் அவகிட்ட சொல்லாதீங்க."

அன்று சாயங்காலமே டீக்கடையில் "சீட்டு பேசி முடிச்சாச்சு" என்று சொல்லிவிட்டேன். தெரு முழுக்கப் பரவி நித்யாவின் காதுக்குப் போனது. அவள் சண்டை போட்டாள்: "இனிமே எனக்காகக் குடுத்தாங்களா, உன் வாய்க்காகக் குடுத்தாங்களான்னு நான் எப்டி தெரிஞ்சிக்கறது?" திங்கட்கிழமை வருவதற்குள் மேடம் போய்விட்டார்.

அடக்கத்துக்கு முன்னால் சிட்லபாக்கம் வீட்டில் கூட்டம். உள்ளே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஷாமியானாவுக்குக் கீழே இரண்டு பிள்ளைகள், "இனி நமக்கு யார்டா கைடு?" "மெதுவா பேசு மச்சான்" என்று குசுகுசுத்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திட்ட வாயைத் திறந்தேன். நான் காலையில் கேட்டதும் இதுதானே என்று நினைவு வந்ததும் மூடிக்கொண்டேன். அந்தப் பிள்ளைகளுக்காவது அது பிழைப்பு.

மேடத்தின் கணவர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உடம்பு சரியில்லன்னு யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னுட்டா. எப்படியோ தெரிஞ்சு, பழமெல்லாம் வாங்கிட்டு நீங்க ஒருத்தர்தான் வந்து பாத்தீங்க. அன்னிக்கு ராத்திரி, அண்ணா வந்து ரொம்ப நேரம் பேசிட்டிருந்தாருன்னு சொல்லி சந்தோஷப்பட்டா" என்றார்.

நான் எதற்கு வந்தேன் என்று மேடம் அவரிடம் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை. கையை அவரிடம் கொடுத்துவிட்டுத் தலையை ஆட்டினேன். அழுகை வந்தது. துக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்து என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

சார், இந்த மலர் உங்கள் கைக்கு வரும். நான் மேடத்தைப் பார்க்க வரவில்லை. கேட்க வந்தேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன நன்றி எனக்குரியது இல்லை.

பிற்பாடு துறையில் இன்னொரு பேராசிரியர், மேடம் வைத்திருந்த முறையிலேயே ஆள் எடுப்பதாகச் சொல்லி எல்லாரையும் கூப்பிட்டார். நித்யா போனாள். போகும்போது, "யார் கேட்டாலும் உன் பேத்தின்னு சொல்லமாட்டேன், கோச்சிக்காத" என்றாள். "சொல்லாத" என்றேன்.

மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் இழுத்த அந்த மூச்சு. வாசலில் உட்கார்ந்திருக்கும்போது அது எனக்குக் கேட்கிறது. அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியது.

நித்யாவுக்கு இடம் கிடைத்ததா என்று நான் இதுவரை கேட்கவில்லை. நான் இதைச் சொன்னபோது அவள் நிமிர்ந்து ஒருமுறை பார்த்தாள். இப்போது மறுபடி குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளாகச் சொல்லட்டும். நான் உட்கார்ந்திருக்கிறேன்.