லாண்டரி அக்காவும் கடைசி வரிசைகளும்

லாண்டரி அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவளே ஒப்புக்கொள்வாள். "இருக்கிறதே ஒரு வாய், அதையும் மூடிக்கிட்டா எப்படி?" என்பாள். ஊர்க் கலையரங்கத்துக்கு நேர் எதிரே அவள் கடை. முன்னால் சலவை இயந்திரங்கள், பின்னால் இஸ்திரி மேசை, மாடியில் வீடு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த அரங்கத்துப் படிக்கட்டைப் பார்த்தபடியேதான் துணி மடித்திருக்கிறாள். உள்ளே மட்டும் போனதில்லை. யாரோ வருவார்கள், யாரோ பேசுவார்கள், கைதட்டுவார்கள், காரில் ஏறிப் போய்விடுவார்கள். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் தெரு மொத்தமும் இருந்தது.

சர்வதேச நாடக விழா வந்துதான் அதைக் கெடுத்தது. அரங்கமோ பழைய கட்டடம். தெருச் சத்தம் முழுக்க உள்ளே கேட்கும். தெருவிலோ இரும்புப் பட்டறை, தகரக் கடை, மோட்டார் ரிப்பேர் கடை. முதல் வருஷம் வந்த குழு சம்மட்டிச் சத்தம் தாங்காமல் பாதியில் நாடகத்தை நிறுத்திவிட்டது. விழாச் செயலாளர் வியர்த்து விறுவிறுத்துத் தெருவுக்கு ஓடி வந்தார்.

"வேலைய நிறுத்திட்டு நாங்க என்ன சார் பண்றது? ஈ ஓட்டறதா?" என்றார் பட்டறைக்காரர்.

"உள்ள வந்து உக்காருங்களேன்" என்று ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார் செயலாளர். அதுவே ஏற்பாடு ஆகிவிட்டது. நாடக நேரத்தில் தெரு வேலையை நிறுத்தும். கடைசி வரிசைகள் தெருவுக்கு. எழுத்தில் எதுவும் கிடையாது, பேச்சுதான்.

விழாவால் ஊருக்கு நல்லது என்று பேப்பரில் எழுதினார்கள். ஓட்டல் நிறைகிறதாம், டாக்சி ஓடுகிறதாம். சரி, ஓடட்டும். ஆனால் பேப்பர்காரர்கள் பார்க்காததை அக்கா பார்த்தாள். ஒரு சுவருக்காகச் சண்டை போட்டு வருஷக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்த தகரக் கடை அண்ணன் தம்பி, ஒரு நாடகத்தில் வந்த பெண் வீட்டைவிட்டுப் போனது சரியா தப்பா என்று நடுத்தெருவில் கத்திக்கொண்டார்கள். கத்தி முடித்த பிறகுதான் பேசிவிட்டோம் என்று இருவருக்கும் உறைத்தது. பட்டறைக்காரர் ஒரு குழுவுக்கு இரும்பில் மரம் செய்து கொடுத்துவிட்டு, அது மேடையில் நிற்பதைப் பார்த்து மூக்கை உறிஞ்சினார். பெயிண்டர் வேலை பார்க்கும் அக்காவின் கணவர் நாடகம் தொடங்கியதும் தூங்கிவிடுவார். வெளியே வந்து எல்லோரையும்விட அதிகமாக விமர்சனம் செய்வார். அக்காவோ எந்தப் பாஷை நாடகத்தையும் விட்டுவைக்கவில்லை. "பாஷை எதுக்கு? மாமியார் முறைச்சா எந்த ஊர்லயும் முறைப்புதான்."

இந்த வருஷம்தான் வினை வந்தது. ஒரு வெளிநாட்டுக் குழுவின் நாடகம். மேடையில் ஒரு கிழவர் சாகக் கிடக்கிறார். பிள்ளைகள் சுற்றி நின்று சொத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். கிழவர் கையை நீட்டி நீட்டி எதையோ கேட்கிறார். ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர்தான் கேட்கிறார் என்று அக்காவுக்குப் புரிந்தது. அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் அப்படித்தான் கையை நீட்டினார். அவள் பஸ் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அது நெஞ்சில் கிடந்து அறுத்ததோ என்னவோ, கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள். நடைபாதையில் விறுவிறுவென்று போனாள். மேடையேறித் தன் தண்ணீர் பாட்டிலைக் கிழவரின் வாயில் வைத்துவிட்டாள்.

"பெத்த அப்பனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க மாட்டீங்களாடா? நீங்கள்லாம் மனுஷங்களா?"

நடிகர்கள் பேந்தப் பேந்த விழித்தார்கள். கிழவர் மட்டும் மடக் மடக்கென்று குடித்தார். நடு வரிசையில் ஒருவர் "அசிங்கம்!" என்று கத்தினார். காவலாளிகள் அக்காவின் கையைப் பிடித்து இறக்கினார்கள். படிக்கட்டில் இறங்கும்போதுதான் அவளுக்கே புத்தி வந்தது. ஐயோ, அவர் நடிகர் அல்லவா! வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்று அவள் இஸ்திரிப் பெட்டியைத் தொடவேயில்லை.

மறுநாள் காலையில் கடைக்கு வந்தார் செயலாளர். அவள் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நடந்தது நடந்துபோச்சும்மா. இனிமே உங்க தெருக்காரங்களுக்கு வெளிய பெரிய திரை வெச்சுடறோம். சௌகரியமா பாக்கலாம். கடைசி வரிசைய வேற விருந்தாளிங்களுக்குக் குடுத்தாச்சு."

"தப்பு பண்ணது நான் சார். என்னை வேணா வர வேண்டாம்னு சொல்லுங்க. தெரு என்ன பண்ணுச்சு?"

"இன்னைக்கு நீங்க. நாளைக்கு இன்னொருத்தர். நாடகம் பாக்க ஒரு பழக்கம் வேணும்மா."

"எங்களுக்குப் பழக்கம் இல்லேங்கறீங்க."

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்காவின் வெட்கமெல்லாம் போன இடம் தெரியவில்லை. கோபம்தான் வந்தது.

விஷயம் தெருவில் பரவியது. நாடகக்காரர்களின் உடுப்பு பாதி அவள் கடையில்தான் இருந்தது. "துணியக் குடுக்காத அக்கா. என்னத்தைப் போட்டுக்கிட்டு ஆடறாங்கன்னு பாப்போம்" என்றான் தகரக் கடைத் தம்பி.

"போடா. அவங்க எனக்கு என்ன கெடுதல் பண்ணாங்க? துணி நேரத்துக்குப் போகும்" என்றாள். போனது, மடிப்புக் கலையாமல். "ஆனா ஒண்ணு. உள்ள உக்கார இடம் இருந்ததாலதானே நாம வேலைய நிறுத்தினோம்? இப்பதான் இடம் இல்லையே. பொழப்பப் பாருங்க."

அவ்வளவுதான் சொன்னாள். சாயங்காலம் நாடகத்துக்கு மணி அடித்ததும் பட்டறையில் முதல் அடி விழுந்தது. தகரக் கடை சேர்ந்துகொண்டது. ரிப்பேர் கடைக்காரர் எதையோ சோதிப்பதுபோல இன்ஜினை முடுக்கினார். அக்கா எல்லா இயந்திரங்களையும் ஒன்றாக ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். தெருவே அதிர்ந்தது.

செயலாளர் பறந்து வந்தார். "என்னம்மா அநியாயம் இது! நாடகத்தை ஆரம்பிக்கவே முடியல. நம்ம ஊர் மானமே போவுது!"

"நம்ம ஊரா? காலைல நாங்க வெளியாளுங்களா இருந்தோமே."

"சரி, நீங்க வாங்க. உங்களுக்கு ஒரு சீட் போடச் சொல்றேன்."

"எனக்கு மட்டும் எதுக்கு? வந்தா எல்லாரும் வருவோம். இல்லேன்னா அடி நிக்காது."

"மறுபடியும் மேடை ஏறினா?"

"ஏற மாட்டேன். அது என் தப்பு, அதுக்கு அந்தப் பெரியவர்கிட்ட நானே மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஆனா அழுகை வந்தா அழுவோம், சிரிப்பு வந்தா சிரிப்போம். வாயைப் பொத்திக்கிட்டு இருக்க நாங்க ஒண்ணும் நாற்காலி இல்ல."

செயலாளர் பட்டறையைப் பார்த்தார். பட்டறைக்காரர் சம்மட்டியை ஓங்கியபடியே அக்காவைப் பார்த்தார். "வாங்க, வாங்க, எல்லாரும் வாங்க" என்று செயலாளர் கும்பிடாத குறையாகச் சொன்னார்.

சட்டை மாற்றக்கூட நேரமில்லை. கிரீஸ் கையும் சோப்பு வாசனையுமாக உள்ளே போனார்கள். கடைசி வரிசைகளில் புது விருந்தாளிகள் நிறைந்திருந்தார்கள். நடுவிலும் இடமில்லை. வழக்கம்போல முன்வரிசைகள் இரண்டும்தான் காலி. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பெரிய மனிதரின் பதவியை எழுதிய அட்டை.

அக்கா நேரே போய் ஓர் அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் கணவர் பக்கத்தில். பிறகு பட்டறைக்காரர், தகரக் கடை அண்ணன், தம்பி.

"ஐயோ, அது பெரியவங்களுக்கு ஒதுக்கினதும்மா!" செயலாளரின் குரல் கிழிந்தது.

"வரட்டும் சார். வந்தா எழுந்துக்கறோம்."

விளக்கு அணைந்தது. தெருவில் ஒரு சத்தமில்லை. பெரிய மனிதர்கள் அன்றைக்கும் வரவில்லை. நாடகம் முடிகிறவரை அவளும் எழுந்திருக்கவில்லை.