வாயால் சொன்ன வேலை

எங்கள் பெண்கள் பேஸ்கட்பால் டீமுக்கு ஒரு விதி உண்டு. அதைப் போடச் சொன்னது நான்தான். வேறு டீம் நம் பெண்ணைக் கூப்பிட்டால், அவள் அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கமிட்டியில் கொடுக்க வேண்டும். எங்களுக்கு ஏழு நாள் கெடு. அவர்கள் தருகிறோம் என்று எழுதியிருப்பதையெல்லாம் நாமும் தந்துவிட்டால், அவள் இன்னும் இரண்டு வருஷம் நம்மிடமே ஆட வேண்டும். தர முடியாவிட்டால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவைக்க வேண்டும். சேரும்போதே ஒவ்வொரு பெண்ணும் இதற்குச் சம்மதித்துத்தான் சேருவாள்.

ஏன் போடச் சொன்னேன் என்றால், அதற்கு முந்தைய வருஷம் எங்களிடம் ஆடிக்கொண்டிருந்த உயரமான பெண் ஒருத்தி, ஈஸ்டர் போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள். போட்டியன்று எதிர் டீமின் பனியனோடு நிற்கிறாள். எனக்குக் கையைக் காட்டி வேறு சிரித்தாள். போகிற நாள் வரை என் வீட்டு முட்டையைத் தின்றவள். அன்றைக்கு நான் பட்ட அவமானத்தில் பிறந்தது அந்த விதி. பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார்தான் எங்களுக்குக் கோச். வெளிநாட்டில் பெரிய டீம்களுக்கெல்லாம் இப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லி அவர்தான் எழுதினார்.

படிக்காத கிழவி கமிட்டியில் எப்படி என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். எங்கள் ஊர் வல்லம் வடகாலுக்குப் பக்கத்தில். நிலத்தை ஒரு கம்பெனிக்கு விற்று வந்ததில் வரிசையாக ஆறு ரூம் கட்டி வாடகைக்கு விட்டேன். மாதா கோயில் மைதானத்துக்கு சிமெண்ட் தரை போட்டுக் கொடுத்தேன். அதுவரை பெண்கள் சரளைக்கல்லில் விழுந்து விழுந்து முட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இங்கிலீஷ் சுத்தமாக வராது. ஆனால் எந்தப் பெண் பந்தைத் தட்டாமல் மூன்று எட்டு வைத்தாள் என்று விசில் ஊதுவதற்கு முன்னால் சொல்லிவிடுவேன். கமிட்டியில் ஐந்து பேர். பங்குச் சாமியார் தலைவர். ஹார்டுவேர் கடைக்காரர் செயலாளர். அப்புறம் கோச், உபதேசியார், நான்.

இது நான் அநியாயம் செய்த ஒரு பெண்ணைப் பற்றியது.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள். செல்போன் செய்கிற கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. என் மூன்றாவது ரூமில் இன்னும் மூன்று பெண்களோடு இருந்தாள். குட்டைதான். என் தோளுக்கு மேல் கொஞ்சம் வருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மைதானத்தில் கிடந்த பந்தை எடுத்துத் தட்டிக்கொண்டே ரிங் வரை போனாள். பந்தை ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. கோச் என் பக்கம் திரும்பினார். “ஆயா, இது உங்க வூட்டு ரூம்லயா கீது? இத்தினி நாளா சொல்லவே இல்ல?” என்றார். எனக்கு என்னவோ நானே பெற்று வளர்த்த மாதிரி ஒரு பெருமை.

மூன்று வருஷம் எங்களுக்காக ஆடினாள். படப்பையில் ஜெயித்தோம், மணிமங்கலத்தில் ஜெயித்தோம். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக மைதானத்துக்கு வருவாள். பந்து அவள் கைக்கு வந்தால், நான் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவேன்.

அப்போதுதான் ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனி பெண்கள் டீம் ஆரம்பித்தது. அவளுக்குக் கடிதம் வந்தது. விதிப்படி கொண்டுவந்து கொடுத்தாள். செயலாளர் இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் படித்தார். ட்ரெய்னி வேலை, இவ்வளவு சம்பளம், தங்க ஹாஸ்டல், மூன்று வேளைச் சாப்பாடு, வருஷத்துக்கு இரண்டு ஜோடி ஷூ. அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம். நான் துவைத்த பனியன்களைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் வந்து நின்றாள். கேட்காமலே வாளியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து உதறிக் கொடுத்தாள்.

“ஆச்சி, ஒண்ணு கேக்கட்டா?”

“கேளேன்.”

“என்னைய விட்ருங்க ஆச்சி.”

எனக்குச் சுருக்கென்றது. “இன்னாடி, எங்கக்கிட்ட இன்னா கொற கண்ட?” என்றேன்.

“கொறயெல்லாம் ஒண்ணும் இல்ல. இப்ப இருக்க கம்பெனில பதினோரு மாசத்துக்கு ஒருக்க நிப்பாட்டிருதாங்க. திருப்பி எடுப்பாங்களோ மாட்டாங்களோன்னு கும்பிட்டுக்கிட்டே கெடக்கணும். அங்கன்னா ஒரு வருசம் முடிஞ்சதும் பெர்மனென்ட் ஆக்கிருவாங்களாம். கால் ஒடஞ்சு ஆட முடியாட்டாலும் வேல போவாதாம். ஆபீஸ் மேடம் சொன்னாங்க.”

“லெட்டர்ல கீதா அது?”

“லெட்டர்ல இல்ல. வாயால சொன்னாங்க.”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

“எங்க நிலத்த வாங்க வந்தவங்களும் வாயாலதான்டி சொன்னாங்க. வூட்டுக்கு ஒருத்தருக்கு பெர்மனென்ட் வேலன்னு என் கட்டில்ல குந்திகினு சொன்னாங்க. காபி குட்ச்சிட்டு நல்லாக்கீது பெரியம்மான்னாங்க. என் புள்ள அதை நம்பிகினு எத்தினி வருசம் அந்த கேட்டுல போய் நின்னான் தெர்யுமா? வாட்ச்மேன் அவன் பேரக்கூட எழுதிக்கல. இப்போ தண்ணி லாரி ஓட்டிகினுகீறான்.”

“எல்லாரும் ஒண்ணு போலயா இருப்பாங்க ஆச்சி?”

“கம்பெனிக்காரன் எல்லாம் ஒண்ணுதான்.”

கடைசிப் பனியனைக் கொடுத்தாள். “கமிட்டில இத மட்டும் சொல்லுங்க ஆச்சி. ஷூவுக்காகவோ சோத்துக்காகவோ நான் போவல, அந்த வேலைக்குத்தான்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.”

சொல்கிறேன் என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏழாவது நாள். பூசைக்கு அப்புறம் சாமியார் அறையில் உட்கார்ந்தோம். அவள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தாள்.

சாமியார் ஆரம்பத்திலேயே, “போகட்டும் விடுங்க. பிழைக்க வந்த பொண்ணு” என்றார். உபதேசியார் எப்போதும் சாமியார் பக்கம். கோச் விடவில்லை. “மாவட்டப் போட்டி வருது ஃபாதர். அவ இல்லாட்டி நம்ம டீம் கும்மி அடிக்கத்தான் லாயக்கு” என்றார். செயலாளருக்கும் விட மனமில்லை. குடோன் காண்ட்ராக்டர் ஒருவர் தன் கடையில் சாமான் வாங்குகிறார், அதே சம்பளத்துக்கு அவரிடம் வேலை வாங்கித் தருகிறேன் என்றார். ஷூ கோச்சின் பொறுப்பு. ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன செய்வது என்ற இடத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“ரூம் வாடக வேணாம். மூணு வேளையும் என் வூட்டுல துன்னட்டும்” என்றேன்.

“ஆயா பேசிச்சின்னா பேச்சுதான்” என்று கோச் தொடையில் தட்டினார்.

சாமியார் என்னைப் பார்த்து, “அந்தப் பொண்ணு உங்ககிட்ட எதாவது சொன்னுதாம்மா?” என்று கேட்டார்.

சொன்னேன். ஆனால் எப்படிச் சொன்னேன்? “பெர்மனென்ட் ஆக்குறேன்னு யாரோ வாயால சொன்னாங்களாம். இதுவும் நம்பிக்கினுகீது, பச்சப் புள்ள” என்று சொன்னேன். செயலாளரும் கோச்சும் சிரித்தார்கள். உபதேசியாரும் சிரித்தார். எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு எல்லாருமே சிரிப்போம். நிலம் கொடுத்த வீடுகளில் அப்படிச் சொல்லி ஏமாற்றப்படாத வீடு கிடையாது. சாமியார் வெளியூர்க்காரர், அவர் சிரிக்கவில்லை.

கை தூக்கச் சொன்னார். வைத்துக்கொள்ள இரண்டு கை, விட்டுவிட இரண்டு கை. நான் ஜன்னலைப் பார்க்காமல் வைத்துக்கொள்ளும் பக்கம் கையைத் தூக்கினேன். அவளை ஏமாற்றத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் நிஜம். நான் போட்ட தரையில் ஆடியவள் இன்னொருவன் தரையில் ஆடுவதை என்னால் பார்க்க முடியாது. அதுதான் மீதி.

உள்ளே கூப்பிட்டுச் சொன்னோம். அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். “அந்த பெர்மனென்ட்?” என்றாள்.

“அது லெட்டர்ல இல்லயேம்மா. லெட்டர்ல கீறது எல்லாத்தையும் குடுத்துட்டோம்ல?” என்றார் செயலாளர்.

என்னிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

அந்தக் கம்பெனிக்கு ஒரு ஆள் குறைந்தது. அதே மூன்றாவது ரூமில் இன்னொரு பெண் இருந்தாள். எங்கள் டீமில் பெஞ்சில் உட்காருகிறவள். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். பத்தாவது ஆளாக அவளைக் கூப்பிட்டார்கள். அவளும் விதிப்படி கடிதத்தைக் கொண்டுவந்தாள். அதை யாரும் முழுசாகப் படிக்கக்கூட இல்லை. “இந்தப் பொண்ண அவங்க எட்த்துகினு போனா நமக்கு ஒரு தட்டு சுண்டல் மிச்சம்” என்றார் கோச். அங்கேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டோம்.

நாங்கள் போகவிடாமல் வைத்துக்கொண்டவள் என் வீட்டில் சாப்பிட்டாள். நான் என்ன வைத்தாலும் சாப்பிட்டாள். மீன் குழம்பு வைத்தால் முன்பெல்லாம் சட்டியை எட்டிப் பார்த்து, “ஆச்சி, இதுல எங்க ஊர்க் கொழம்பு வாசனையே இல்ல, புளித் தண்ணிதான் இருக்கு” என்று வம்புக்கு இழுப்பாள். இப்போது தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “வாரேன் ஆச்சி” என்று போய்விடுவாள். “போதுமாடி?” என்றால் “போதும் ஆச்சி.” ஆட்டத்தில் குறை வைக்கவில்லை. ஒரு பயிற்சிக்கும் லேட்டாக வந்ததில்லை. மாவட்டப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை அவள்தான் கொண்டுபோனாள். அதில் தோற்றோம். மற்ற பெண்கள் அழுதார்கள். அவள் ஷூவைக் கழற்றி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு வருஷமும் சில வாரங்களும் கழித்து அந்த பெஞ்சுப் பெண் என் வீட்டுக்கு ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தாள். என் காலைத் தொட்டாள். “ஆயா, பெர்மனென்ட் ஆயிடுச்சு. பத்து பேருக்கும் ஆயிடுச்சு” என்றாள். கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினாள். இவள் அப்போது அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்து ஒரு லட்டு எடுத்துக்கொண்டாள். “நல்லா இருக்குட்டி” என்று சொன்னாள். லட்டைச் சொன்னாளா, அட்டையைச் சொன்னாளா என்று நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்கு முன்பே குடோன் வேலை போய்விட்டது. காண்ட்ராக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார். செயலாளர் இரண்டு மாதம் கையிலிருந்து ஏதோ கொடுத்தார், அப்புறம் அவளைக் கண்டால் கடைக்கு உள்ளே போய்விடுவார். “நாங்க குடுத்த வார்த்தை போச்சு. நீ வேற எங்கனா போறதுன்னா போய்க்க” என்று நான் சொன்னேன்.

“இனி எங்க போவ ஆச்சி? அங்க பத்து எடமும் நெறஞ்சு போச்சுல்லா” என்றாள். கோபமே இல்லை குரலில். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி, அழுது, ஒரு வழியாகியிருப்பேன்.

இரண்டு வருஷம் முடிகிற சமயத்தில் அந்தக் கம்பெனி டீமையே கலைத்துவிட்டது. கோச் ஓடிவந்து சொன்னார். “பாத்தீங்களா ஆயா, நாம விட்டிருந்தா அந்தப் பொண்ணு தெருவுலதான் நின்னிருக்கும்.” அந்தப் பத்துப் பேரும் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள், பெஞ்சுப் பெண் ஸ்கூட்டி வாங்கிவிட்டாள் என்று அவருக்கும் தெரியும். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் போய்விட்டார்.

ரூமைக் காலி பண்ணும்போது அவள் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். பெருக்கித் துடைத்துவிட்டே கொடுத்தாள். உட்காரச் சொன்னேன். “பஸ்ஸுக்கு நேரமாச்சு ஆச்சி” என்றாள். தப்புப் பண்ணிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வாசல் வரை போனேன். என் வயசுக்கு நான் யாரிடமும் அப்படிச் சொன்னது கிடையாது. என் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. “பத்திரமா போ” என்று மட்டும் வந்தது.

சொந்த ஊருக்குத்தான் போய்விட்டாள் என்று நினைத்திருந்தேன். போன மாதம் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு ஒரகடம் கூட்ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றேன். எதிர்ப்பக்கம் அந்தக் கார் பாகக் கம்பெனிப் பெண்கள் ஷிஃப்டுக்கு நின்றிருந்தார்கள். பெர்மனென்டுக்கு நீலச் சட்டை, காண்ட்ராக்டுக்குச் சாம்பல் சட்டை. நீலத்துக்கு ஏசி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. சாம்பல் கும்பலில் அவள் இருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். பக்கத்தில் நின்ற சின்னப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை நான் இரண்டு வருஷம் என் வீட்டில் பார்க்கவில்லை.

திரும்பியவள் என்னைப் பார்த்தாள். பார்த்தாள் என்று எனக்குத் தெரியும், கண் ஒன்றும் அவ்வளவு மோசமாகிவிடவில்லை. கை தூக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. அவர்களுடைய வேன் வந்து நடுவில் நின்றது. அது போன பிறகு அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. எனக்கு வர வேண்டிய பஸ் வர இன்னும் அரை மணி நேரம் ஆனது.