சுவரில் தொங்கிய மாமா

அந்த வருஷம் எங்கள் மாமா வாரம் தவறாமல் டி.வி.யில் வந்தார். சுவரில் மாட்டிய போட்டோவாக வந்தார்.

அம்மாவின் தம்பி அவர். மெட்ராஸில் சபா நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்தவருக்கு, வாராவாரம் வரும் ஒரு தொடரில் கதாநாயகியின் புருஷன் வேஷம் கிடைத்தது. முதல் வாரம் எங்கள் சூலூர் வீட்டில் கால் வைக்க இடமில்லை. பக்கத்து விசைத்தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது வாரமே மாமாவை லாரி ஏற்றிக் கொன்றுவிட்டார்கள். அதன்பிறகு கதாநாயகி அழுகிறபோதெல்லாம் மாமாவின் போட்டோவைக் காட்டினார்கள். சந்தன மாலை, பொட்டு, கீழே ஒரு சிவப்பு பல்பு. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. எங்கள் மாமா இந்த வாரமும் வந்தாரே என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வேன். பிளாஷ்பேக் என்று ஒன்று வரும், அதில் எழுந்து வந்து பேசுவேன் என்று மாமா சொல்லியிருந்தார். வரவேயில்லை, படுபாவிகள்.

அம்மாவுக்குத்தான் தூக்கம் போய்விட்டது. உயிரோடு இருக்கிறவன் படத்துக்கு எவனாவது மாலை போடுவானா என்று அடுப்படியில் பொருமிக்கொண்டே இருப்பாள். கடைசியில் பழனிக்கு வேண்டிக்கொண்டு, மாமாவை வரவழைத்து மொட்டை போட வைத்தாள். மீசையையும் விடவில்லை. முடியைக் கொடுத்த நடிகனுக்கு அது வளரும்வரை எவன் வேஷம் கொடுப்பான்? மாமா தலையைக் குனிந்து கொடுத்தார். அப்பா அதற்குள் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் லேத் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். திங்கட்கிழமை சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் நடிப்புக்கு முழுக்குத்தான். மாமா அதற்கும் சரி என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா கடைவீதிக்கும், அம்மா மாவு அரைக்கவும் போயிருந்தார்கள். நானும் மாமாவும் மட்டும் வீட்டில் இருந்தோம். அப்போதுதான் பெரிய அப்புச்சி வந்தார்.

அம்மாவுக்கும் மாமாவுக்கும் பெரியப்பா அவர். கொடுமுடிப் பக்கம் தோட்டம். நான் அவரைப் பார்த்ததே இல்லை, கதை மட்டும் கேட்டிருக்கிறேன். மாமா சின்னப் பையனாக ஊர் நோம்பித் திருவிழாவில் நாடகம் போட்டபோது, பாதியில் மேடையேறி, அத்தனை சனத்துக்கும் முன்னால் சட்டையைப் பிடித்துக் கீழே இறக்கியவர். நம்ம வம்சத்தில் கூத்தாடியா என்று கேட்டாராம். மாமா மறுநாளே மெட்ராஸுக்கு ரயிலேறிவிட்டார். பெரிய அப்புச்சிக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை அதோடு அற்றுப்போனது. ஆனால் எழவுக்கு மட்டும் எங்கள் பக்கத்தில் பகை பார்க்க மாட்டார்கள். எத்தனை வருஷம் பேசாமல் இருந்தாலும் துக்கம் கேட்க வந்துதான் தீர வேண்டும். வந்தவர்கள் திரும்பும்போது வாரேன் என்று சொல்லக் கூடாது.

கண் ஆபரேஷனுக்குப் போட்ட கறுப்புக் கண்ணாடியும் தோளில் துண்டுமாக உள்ளே வந்து உட்கார்ந்தவர், தான் பெரிய அப்புச்சி என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க மாமன் போட்டோவுக்கு மாலை போட்டு டி.வி.யில காட்டறாங்களாமா அம்மணி. ஊர்ல பாத்தவங்க வந்து சொன்னாங்க. பெரியவன் நான் ஒருத்தன் இருக்கேன், எனக்கு ஒரு வார்த்தை சொல்லியுடலையே.”

நடிகர்கள் யாராவது தவறிப்போனால் படத்துக்கு மாலை போட்டு டி.வி.யில் காட்டுவார்கள் அல்லவா, அப்படி என்று ஊரே நினைத்துவிட்டது. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. செத்தவர் எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். சொல்லிவிடலாம் என்று திரும்பினேன். மாமா உதட்டில் விரலை வைத்தார்.

அப்புச்சி நிமிர்ந்து பார்த்தார். அரைகுறைப் பார்வை, எத்தனையோ வருஷ இடைவெளி, மழித்த தலை, மீசையில்லாத முகம். கொள்ளி வைத்தவர் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

“ஏனுங்க, மெட்ராஸ்ல அவங்கூட இருந்தவருங்களா?”

மாமா தலையை ஆட்டினார்.

“நல்லா நடிப்பானுங்களா?”

“சுமாருங்க,” என்றார் மாமா.

கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்படிச் சொல்லாதீங்க. நான் பாத்திருக்கேன். எங்கூரு நாடகத்துல, புள்ளையப் பறிகுடுத்த அப்பனா நின்னான். மீசை மொளைக்காத பையன். எனக்கு அழுகை வந்துருச்சுங்க. ஊருக்கு முன்னால நான் அழுவறதான்னுதான் மேடையேறி அவனைக் கீழ எறக்கிப்போட்டேன். அது அவனுக்குத் தெரியாமயே போச்சு.”

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். மாமாவுக்கும் கண்ணீர் தாரைதாரையாக ஓடியது. துடைக்கக்கூட இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடேயப்பா, என்னமாய் நடிக்கிறார், நிஜக் கண்ணீரே வருகிறதே என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா மாவுத் தூக்கோடு வந்து காரியத்தைக் கெடுத்தாள். பெரியப்பாவைப் பார்த்த திகைப்பில், “தம்பி, பெரியப்பாவுக்குத் தண்ணி குடுத்தியா?” என்று மாமாவைப் பார்த்துக் கேட்டுவிட்டாள். அப்புச்சி கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து வந்து மாமாவின் மொட்டைத் தலையைத் தடவித் தடவிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நான் சுவரோரம் ஒதுங்கினேன். அவரோ அம்மா கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, மாமாவைப் பார்த்து, “வாரேன் கண்ணு,” என்றார்.

திங்கட்கிழமை மாமா பீளமேட்டுக்குப் போகவில்லை. மொட்டைத் தலையோடு மெட்ராஸுக்குக் கிளம்பினார். அப்பா குதித்தார். அம்மா, பெரியப்பா வந்து என் தம்பி மனசைக் கலைத்துவிட்டார் என்று புலம்பினாள். நான் பஸ் ஸ்டாப் வரை கூடப் போய், அந்தக் கண்ணீரை எப்படி வரவழைத்தீர்கள், எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று நச்சரித்தேன். மாமா என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

பிறகு மேடையிலும் டி.வி.யிலும், சினிமாவில் சின்னச் சின்ன வேஷங்களிலும் மாமா எத்தனையோ தடவை அழுதார். அக்கம்பக்கத்தார் மூக்கைச் சிந்தினார்கள். எனக்கு மட்டும் திருப்தியே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஒரு தடவைகூட வரவில்லை. மெட்ராஸுக்குப் போய் மாமாவின் நடிப்புக் கெட்டுவிட்டது என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.