நான் கொடுத்த நான்கு நிமிடம்

நண்பர்களே, இன்று எங்கள் பேட்டையான தாபோடியில் ஒரு கோச்சிங் கிளாஸ் என்னால் தலைநிமிர்ந்தது.

என் அண்ணன் மகள் மாலதி நர்ஸ். லண்டன் ஆஸ்பத்திரியில் வேலை தயார். சனிக்கிழமை இங்கிலீஷ் பரீட்சையில் ஒன்பதுக்கு ஏழு மார்க் வாங்கினால்தான் விசா. பேச்சுப் பயிற்சிக்குத் துணையாகப் போனேன். எட்டாம் கிளாஸோடு நின்றாலும், எங்கள் ஃபேக்டரிக்கு வந்த வெள்ளைக்காரர்களை இங்கிலீஷ் பேசியே அழவைத்தவன் நான்.

கிளாஸ் எடுக்கும் மேடம் அவளிடம், "உன் பெயர்?" என்றார். நான் சொன்னேன். "உன் ஊர்?" அதையும் நானே சரித்திரத்தோடு சொன்னேன். வீட்டில் அவளை யார் எது கேட்டாலும் பதில் சொல்வது நான்தானே!

"அரே அங்கிள், விசா உங்களுக்கா, பொண்ணுக்கா?" என்றார் மேடம்.

"சித்தப்பா, ப்ளீஸ். கொஞ்சம் பாஹர் போய் உக்காருங்களேன்" என்றாள் மாலதி.

வெளியே போய்க் கதவில் காதை வைத்தேன். அடுத்த கேள்வி: "உனக்கு எரிச்சல் மூட்டும் ஒருவரைப் பற்றி இரண்டு நிமிடம் பேசு."

வாயே திறக்காத பெண், நான்கு நிமிடம் நிற்காமல் இங்கிலீஷில் பொழிந்தாள். மேடம் கைதட்டி எட்டு மார்க் போட்டார்.

விஷயம் முழுக்க நான் கொடுத்தது. சனிக்கிழமையும் இதே கேள்வி வர வேண்டிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் விசாவுக்குப் படிப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள், வந்து பக்கத்தில் உட்காருகிறேன்.