கோபம் என்று நான் அழுத்திய முகங்கள்

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்தபோது அறிதிறன் உளவியல் பாடத்துக்கு ஒரு செய்முறை வகுப்பு இருந்தது. குளிரூட்டி அளவுக்கு மீறிக் குளிரும் சிறிய அறை. கணினித் திரையில் மனித முகங்கள் ஒவ்வொன்றாக வந்து மறையும். ஒரு முகம் அரை வினாடிதான் நிற்கும். அதில் தெரிவது என்ன உணர்ச்சி என்று விசையை அழுத்த வேண்டும். மகிழ்ச்சி, துயரம், கோபம், பயம், வியப்பு, அருவருப்பு என்று ஆறு விசைகள். மாணவர்கள் நாங்களே சோதனைக்கு உட்கார்ந்து, அவரவர் முடிவை வைத்து அறிக்கை எழுத வேண்டும்.

என் முடிவைப் பார்த்த விரிவுரையாளர், வகுப்பு முடிந்ததும் என்னை இருக்கச் சொன்னார். ஐம்பது வயதிருக்கும் சீனப் பெண்மணி, அதிர்ந்து பேசாதவர். தாளை என் பக்கம் திருப்பி ஒரு வரிசையைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

“மற்றதெல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறாய். பயந்த முகம் வந்தபோது மட்டும் கோபம் என்று அழுத்தியிருக்கிறாய். அநேகமாக எல்லாவற்றுக்கும்,” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

“எனக்கு ஏதாவது கோளாறா?” என்று கேட்டேன்.

“ஒரு வகுப்புச் சோதனையை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது. நீ சரியாகத் தூங்காமல் வந்திருக்கலாம்.” பேனாவை மூடினார். “சின்ன வயதிலிருந்தே வீட்டில் யாருக்காவது கோபம் வருகிறதா என்று கவனித்துக்கொண்டே வளர்ந்தவர்களுக்கு எந்த முகத்திலும் அதுதான் முதலில் கண்ணில் படும். அப்படியும் இருக்கலாம். யோசித்துப் பார்.”

யோசிக்க ஒன்றும் இல்லை. எனக்கு உடனே அப்பாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அப்பா லாரி ஓட்டுபவர். எங்கள் வீடு லாயாங் லாயாங் என்ற சிற்றூரில். விடியற்காலையில் கிளம்பி, செனாய் தொழிற்பேட்டையில் சரக்கு ஏற்றி, துறைமுகத்தில் இறக்கிவிட்டு, லாரியை முதலாளியின் இடத்தில் நிறுத்திவிட்டு மாலையில் வீடு திரும்புவார். அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பார். நான் வாசலில் தாறுமாறாகக் கிடக்கும் செருப்புகளை வரிசையாக வைப்பேன். அவர் என்னை அடித்ததே இல்லை. ஆனால் கத்துவார். சோறு குழைந்தால் கத்துவார், மின்விசிறி கிறீச்சிட்டால் கத்துவார். இருபத்தோரு வயதிலும், அவர் உள்ளே நுழைந்ததும் நான் பார்ப்பது அவருடைய புருவத்தைத்தான். இன்றைக்கு எப்படி என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

அந்த ஆண்டு கத்தல் இன்னும் கூடியிருந்தது. ஒருநாள் விடுதிப் படிவத்தில் கையெழுத்து வாங்க அவரிடம் நீட்டினேன். வாங்கினார், எட்டப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், பிறகு மேசைமேல் வீசினார்.

“எதுக்கு என்கிட்ட கொண்டாற? உங்கம்மாகிட்ட குடு, போ!”

நான் என்ன தப்புச் செய்தேன் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

செய்முறை வகுப்பு நடந்து சில வாரங்களில் விடுமுறை வந்தது. அது முடிந்து விடுதிக்குத் திரும்ப வேண்டிய ஞாயிற்றுக்கிழமை, அப்பா பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “கனமா இருக்கு. நானே கொண்டு விடறேன்,” என்றார். அம்மா என்னைப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்பாவோடு தனியாகக் காருக்குள் இருக்க வேண்டும். எனக்கு அதுவே பயமாக இருந்தது.

“பஸ்ல போயிடறேன்ப்பா.”

“ஏன், என் கார்ல ஏறுனா கொறஞ்சு போயிடுவியா?”

ஏறிவிட்டேன்.

விடுதிக்குக் கூலாய் நகரத்தைத் தாண்டிப் போக வேண்டும். அங்கே போகும் சாலை செம்பனைத் தோட்டங்களை அறுத்துக்கொண்டு போகிறது. போக ஒரு வழி, வர ஒரு வழி. நடுவில் வெள்ளைக் கோடு. பாதித் தூரம் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மதியம் மூன்று மணிதான், ஆனாலும் எல்லா வண்டிகளும் விளக்கைப் போட்டுக்கொண்டன. அப்பா வானொலியை நிறுத்தினார். முதுகு இருக்கையைவிட்டு முன்னுக்கு வந்தது. மூக்கு கண்ணாடியில் இடிக்கும் அளவுக்குக் குனிந்துகொண்டார். நான் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காதபடி உட்கார்ந்திருந்தேன்.

கார் மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது. முதலில் ஏதோ பள்ளத்தைத் தவிர்க்கிறார் என்று நினைத்தேன். வெள்ளைக் கோடு எங்கள் காருக்கு அடியில் போனது. எதிரே இரண்டு விளக்குகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. சொன்னால் கத்துவாரே என்றுதான் அந்த நேரத்திலும் எனக்கு முதலில் தோன்றியது. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. சாவதைவிட அவர் கத்துவதற்குப் பயந்திருக்கிறேன்.

“அப்பா! லாரி! லாரி வருதுப்பா!”

லாரியின் ஹாரன் காதைப் பிளந்தது. அப்பா ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். செம்பனைக் குலை ஏற்றிய லாரி எங்களை உரசாத குறையாகக் கடந்து போனது. அது வாரியடித்த தண்ணீர் கண்ணாடி முழுவதையும் மூடியது.

“சும்மா இரு! வாய மூடிக்கிட்டு இரு லா!” என்று அப்பா கத்தினார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வழக்கமாக அந்தக் குரல் கேட்டதும் தரையைப் பார்த்துவிடுவேன். அன்று ஏனோ பார்த்தேன். கோபத்தில் புருவம் கீழே இறங்கும் என்று வகுப்பில் படித்திருந்தேன். அவர் புருவங்கள் மேலே ஏறி, நடுவில் நெரிந்து நின்றன. கண்கள் முழுக்கத் திறந்திருந்தன. உதடுகள் இரண்டு பக்கமும் இழுபட்டு நடுங்கின. குரல் மட்டும்தான் எனக்குத் தெரிந்த அப்பாவின் குரல். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லையா, இல்லை எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேனா என்று எனக்குத் தெரியவில்லை.

“அப்பா, எடது பக்கம் ஓரமா நிப்பாட்டுங்க.”

அப்பா, நான் ஒருபோதும் கேட்டிராத சிறிய குரலில் சொன்னார்: “ஓரம் எங்கடி இருக்கு? கோடு தெரியல.”

நான் முன்னால் குனிந்து வழி சொன்னேன். “மெதுவா போங்க. எடது... கொஞ்சம் எடது. இன்னும். நேரா, நேரா. பஸ் ஸ்டாப் வருது, இப்ப எடது. நிப்பாட்டுங்க.”

கார் நின்றது. அப்பா ஸ்டியரிங்கைவிட்டுக் கையை எடுக்கவே இல்லை. வைப்பர் அடித்துக்கொண்டே இருந்தது.

“மழையினாலயாப்பா?”

“மழையில ரொம்ப மோசம். மத்த நேரமும் அப்படித்தான். நடுவுல கறுப்பா ஏதோ மெதக்குது. ஒரு வருசமாச்சு.”

ஒரு வருடம். அந்தக் கண்களோடு அவர் தினமும் லாரி ஓட்டியிருக்கிறார். பள்ளிக்கூட வாசல்களைக் கடந்து, மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் ஓட்டியிருக்கிறார். அவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், இருப்பது எங்களுக்குத் தெரியும். கண்ணைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது.

“உங்கம்மாகிட்ட சொல்லாத,” என்றார். “மொதலாளிக்குத் தெரிஞ்சா லாரிய புடுங்கிடுவாரு. அப்பறம் நான் என்னா செய்வேன்?”

பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு நான் லைசென்ஸ் எடுத்திருந்தேன். எடுத்த புதிதில் ஒருமுறை அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினேன், அவர் கத்திய கத்தலில் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. அன்று மழையில் இறங்கி, சுற்றி வந்து, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தேன். அவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

அந்தப் பயணத்தில் எனக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். முன்னால் போன வண்டியின் சிவப்பு விளக்கு, கியர்க் கட்டையில் வழுக்கிய என் கை. கூலாயை எப்படிக் கடந்தேன் என்று இன்றுவரை தெரியாது. பயத்தில் மனம் ஒன்றிரண்டு பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டுவிடும் என்று அடுத்த பருவத்தில் ஒரு பாடம் வந்தது. தேர்வில் அதைப் பற்றி நன்றாகவே எழுதினேன்.

மழை விட்டும் அவரைத் தனியாகத் திரும்ப விட எனக்குத் துணிவில்லை. காரை விடுதியில் நிறுத்திவிட்டு, பேருந்தில் ஏற்றிவிட்டேன். ஏறும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. வகுப்பில் எதுவும் காதில் ஏறவில்லை. துறைமுகத்துக்குப் போகும் வழியில், தெப்ராவ் பக்கத்தில் லாரி விபத்து என்று கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. லாரியின் படம் திரையில் முழுதாகத் தெரியும்வரை கண்ணை எடுக்கவில்லை. அது வேறு நிறம், வேறு யாருடையதோ. ஆறுதல் வந்த மறுநிமிடமே வெட்கமாக இருந்தது. கழிவறைக்குப் போய் அம்மாவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“அலமாக்! இப்பக்கூட செனாய்க்குத்தானே போயிருக்காரு!” என்று பதறினார் அம்மா.

மறுநாள் காலையில் அம்மா மோட்டார் சைக்கிள் சாவியை அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்துவிட்டு எனக்கு அழைத்தார். பின்னால் அப்பா கத்துவது கைப்பேசியில் கேட்டது. “அவ என் பொண்ணே இல்ல! என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டா!” இந்த முறையும் அது பயம்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டதால் என் நடுக்கம் ஒன்றும் குறையவில்லை.

இரண்டு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. அம்மா விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போக, அரசாங்கக் கிளினிக்கிலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இனிப்பு நீரால் கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் இரண்டு கண்ணும் போயிருக்கும் என்றார்கள். லேசர் வைத்தார்கள். ஒரு கண்ணுக்கு அறுவை சிகிச்சையும் நடந்தது. அந்தக் கண் ஓரளவு தேறியது. மற்றது தேறவில்லை. லாரி லைசென்ஸ் போனது. அதே முதலாளி அவரை லாரி நிறுத்துமிடத்தில் வண்டி கழுவும் வேலைக்கு வைத்துக்கொண்டார். காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிப் போகிறது.

கண் பரிசோதனைக்கு இப்போது நான்தான் அவரைக் காரில் கூட்டிப் போகிறேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இல்லாத பிரேக்கை மிதிப்பார். “பாத்துப் போ லா! என்னா அவசரம்!” என்று கத்துவார். நான் பழையபடி ஓரக்கண்ணால் அவர் புருவத்தைப் பார்ப்பேன். போன முறை சிவப்பு விளக்கில் நின்றபோது, “பயமா இருக்காப்பா?” என்று கேட்டுவிட்டேன். என் வாழ்நாளில் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை.

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “பச்ச விழுந்திருச்சு. எடு,” என்றார்.