நூற்று நாற்பது ஜெர்சிகளில் ஒரு பெயர்

ஜெனோவியா மெல்னிக் எங்கள் கார்வெல் ஊரின் பள்ளிப் பேருந்தை முப்பத்தொரு வருடம் ஓட்டினாள். அதில் பதினான்கு வருடம் எங்கள் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணிக்கும் தலைவியாக இருந்தாள். இரண்டு வேலையிலும் அவள் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பின்சீட்டில் சண்டை போடும் பிள்ளைகளைக் கண்ணாடியில் ஒரு தடவை பார்ப்பாள், அவ்வளவுதான். மைதானத்தில் எங்களையும் அப்படித்தான் பார்ப்பாள். எனக்கு இப்போது எழுபதை நெருங்கும் வயது. இன்னும் அந்தப் பார்வை என் முதுகில் இருப்பதுபோலத்தான் உணர்கிறேன்.

அவளுக்குக் கல்யாணம் ஆனபோது பெயர் மாறவில்லை. அவள் பிறந்ததும் மெல்னிக் குடும்பம், கட்டிக்கொண்ட வாலஸும் மெல்னிக்தான். இருவருக்கும் தூரத்து உறவுகூடக் கிடையாது. கனடாவின் சஸ்காட்செவனில் எங்கள் பக்கம் ஒரு கல்லை விட்டெறிந்தால் அது ஏதோ ஒரு மெல்னிக் மேல்தான் விழும். வாலஸ் ஊர் ஐஸ் அரங்கத்தில் ஐஸை மெழுகும் வண்டியை ஓட்டுபவன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து ஏழுவரை ஐஸ் சும்மாதான் கிடக்கிறது என்று அவளிடம் சொன்னவன் அவன்தான். அதைச் சொல்வதற்காகவே மூன்று வாரம் யோசித்தானாம். சொன்ன அடுத்த வருடம் கல்யாணம்.

1971இல் நாங்கள் பதினொரு பேர். நான் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கேட்டில் ஓடத் தெரியாததால் என்னைக் கோல்கீப்பர் ஆக்கினார்கள். ஆண்கள் அணி போட்டுக் கிழித்த பழைய ஜெர்சிகள்தான் எங்களுக்கு. முழங்கை ஓட்டைகளை அவரவர் தைத்துக்கொண்டோம். பக்கத்து ஊர்களிலும் பெண்கள் அணிகள் முளைத்தன. குளிர்காலம் முழுக்க ஜெனோவியாவே பேருந்தை ஓட்டி எங்களைக் கூட்டிப்போவாள், இறங்கி விளையாடுவாள், மறுபடி ஓட்டிக்கொண்டு திரும்புவாள். தானே கோல் அடிக்கக்கூடிய இடத்தில் பக்கத்தில் வருபவளுக்குத் தள்ளிவிடுவாள். அவள் மொத்தம் எத்தனை கோல் அடித்தாள் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. எங்கள் ஆட்டங்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

1975இல் எங்களுடைய அந்த ஒரு மணி நேரத்தையும் ஆண்கள் அணி எடுத்துக்கொண்டது. லீக் போட்டிக்குப் பயிற்சி வேண்டுமாம். அறிவிப்புப் பலகையில் எங்கள் பெயரை அடித்து அவர்கள் பெயரை எழுதியிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெனோவியா பேருந்தில் பதினொரு பால் கறக்கும் முக்காலிகளை ஏற்றி வந்தாள். ஆறு மணிக்கு நாங்கள் நடு ஐஸில் வரிசையாக முக்காலி போட்டு உட்கார்ந்தோம். பிளாஸ்க்கில் காபி இருந்தது. ஆண்கள் பதினெட்டுப் பேர் மட்டையும் கையுமாக வந்து நின்றார்கள். அவர்களுடைய தலைவன் லைல் ஹாம்ப்டன் முன்னால் வந்தான்.

"ஜென், எழுந்திரு. எங்களுக்கு செவ்வாக்கிழமை மேட்ச்."

"எங்களுக்கு இப்பவே மேட்ச். ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும்."

"முக்காலில உக்காந்துகிட்டா? இதெல்லாம் ஒரு விளையாட்டா?"

"நீங்க ஆடுறத பாக்கறப்ப எனக்கும் அதே சந்தேகம் வந்திருக்கு லைல்."

லைல், ஐஸ் மெழுகும் வண்டியில் உட்கார்ந்திருந்த வாலஸ் பக்கம் திரும்பினான். "உன் பொண்டாட்டிய எழுப்புடா."

"எங்க வீட்ல காலைல அவதான் என்னை எழுப்புவா," என்றான் வாலஸ்.

ஆண்களே சிரித்துவிட்டார்கள். லைல் சிரிக்கவில்லை. ஏழு மணிக்கு நாங்கள் முக்காலிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். அதற்குப்பின் அந்த ஒரு மணி நேரத்தை யாரும் தொடவில்லை.

1981இல் மாகாண இறுதிப்போட்டிவரை போனோம். ரெஜைனாவில் ஆட்டம். இரண்டுக்கு இரண்டு என்று நின்றபோது, எதிரணிப் பெண் ஒருத்தி நடுக்கோட்டிலிருந்து ரப்பர் வில்லையைச் சும்மா தட்டிவிட்டாள். வெளியே போகட்டும் என்றுதான் தட்டியிருப்பாள். அது ஒரு குதி குதித்து என் கால்களுக்கு நடுவே உள்ளே போனது. எட்டு வயதுப் பிள்ளைகூடத் தடுத்திருக்கும். மணி அடித்து ஆட்டம் முடிந்ததும் நான் முகம் குப்புற ஐஸில் படுத்துவிட்டேன். ஜெனோவியா வந்து மட்டையால் என் காலைத் தட்டினாள்.

"எழுந்திரு மாவிஸ். கன்னம் ஒட்டிக்கும்."

அப்புறம் நான்கு மணி நேரம் பேருந்தை ஓட்டி எங்களை ஊர் சேர்த்தாள்.

அடுத்த அக்டோபரில் பயிற்சி தொடங்கியபோது நான் போகவில்லை. கால் கவசங்களைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். முதல் ஞாயிறு காலை ஐந்தரைக்கு வீட்டு வாசலில் மஞ்சள் பேருந்து வந்து நின்றது. இரண்டு தடவை ஹார்ன். நான் திரை விலக்கிப் பார்த்துவிட்டுப் போர்வைக்குள் போனேன். அடுத்த ஞாயிறும் வந்தது. அதற்கடுத்ததும். ஏழாவது ஞாயிறு என் கணவர் டென்னிஸ் எழுந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு நீ போ. இல்லன்னா நான் போய் கோல்ல நிக்கறேன். எனக்கு தூங்கணும்."

போனேன். பேருந்தில் ஏறியதும் ஜெனோவியா காபியை நீட்டினாள். "சர்க்கரை ரெண்டு ஸ்பூன் போட்டிருக்கேன்." அவ்வளவுதான். பல வருடங்கள் கழித்து ஒருநாள் அவளிடம் கேட்டேன்: "நான் வந்தே இருக்கலன்னா என்னடி பண்ணியிருப்ப?"

"ஏப்ரல் வரைக்கும் சீசன் இருக்கே," என்றாள்.

1985இல் அவளுடைய முழங்கால் போனது. அவளுக்குப்பின் தலைமை ஏற்க ஆள் இல்லாமல் இரண்டு வருடத்தில் அணியும் கலைந்தது. அவள் பேருந்தை மட்டும் ஓட்டினாள். ஊருக்குள் எங்கே போனாலும் யாராவது ஒருவர், "கேப்டன், எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார்கள். அதைத்தவிர அந்தப் பதினான்கு வருடத்துக்கு ஊரில் ஒரு தடயமும் இல்லை.

2011இல் அரங்கத்துக்கு ஐம்பது வயது. ஊர்க்குழு நினைவு ஜெர்சி ஒன்று செய்தது. முன்னால் கொக்குச் சின்னம், பின்னால் கார்வெல் கொக்குகள் அணியின் தலைவர்கள் அத்தனை பேரின் பெயர்களும். ஆண்கள் அணிக்கும் எங்கள் அணிக்கும் அதே பெயர்தான். குழுச் செயலாளர் கேண்டிஸ் அரங்க முகப்பில் பெட்டியைப் பிரித்தாள். நான் ஒன்றை எடுத்து விரித்தேன். பன்னிரண்டு பெயர்கள். மேலிருந்து படித்தேன், கீழிருந்து படித்தேன். எல்லாம் ஆண்கள். ஜெனோவியா என் தோளுக்குப் பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீலம் நல்லா எடுப்பா இருக்கு," என்றாள். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

மறுநாள் காலை வாலஸ் என் சமையலறைக் கதவைத் தட்டினான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றான்.

"நேத்து அரங்கத்து வாசல்ல அரை மணி நேரம் வண்டிலயே உக்காந்திருந்தா மாவிஸ். சாவிகூட போடல."

"அழுதாளா?"

"இல்ல. குளிருது, கிளம்பலாமான்னு கேட்டேன். 'வாலஸ், நாங்க விளையாடினோம் இல்லையா?'ன்னு கேட்டா."

எனக்கு அடுப்பில் இருந்தது என்ன என்றே மறந்துபோனது. வாலஸ்தான் வந்து அடுப்பை அணைத்தான்.

விழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. எங்கள் பதினொரு பேரில் ஊரில் மிஞ்சியிருந்த ஏழு பேரில், அவளையும் என்னையும் தவிர ஐந்து பேரையும் தொலைபேசியில் கூப்பிட்டேன். புதிதாக அச்சடிக்க நேரமில்லை. கையால் தைப்பது என்று முடிவானது. கேண்டிஸிடம் போய்ச் சொன்னேன். அன்று மத்தியானமே நூற்று நாற்பது ஜெர்சிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஒண்ணாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும் அவங்க பஸ்லதான் போனேன். அரங்க முகப்புல கேப்டன்கள் பேரு போட்ட பலகை இருக்கு இல்ல, அத பாத்து அப்படியே எழுதிட்டேன். யோசிக்கவே இல்ல."

"ஊசி பிடிக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"எனக்கும் அரைகுறைதான். உக்காரு."

முதல் சிக்கல் இடம்தான். பன்னிரண்டாவது பெயருக்குக் கீழே அரங்கத்தின் படம் பெரிதாக அச்சாகியிருந்தது. பக்கவாட்டில் நுழைக்க முடியாது. முதல் பெயருக்கு மேலே மட்டும் இரண்டு விரல் அகலம் இருந்தது.

"மேல போட்டா எல்லாரையும்விட பெரிய ஆளு மாதிரி ஆயிடுமே," என்றாள் எங்களில் ஒருத்தி.

"ஆகட்டுமே," என்றாள் இன்னொருத்தி, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

மத்தியானம் தோறும் என் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து தைத்தோம். முட்டைக்கோஸ் உருண்டைகளை யாராவது செய்துகொண்டு வருவார்கள். மூன்றாவது நாள் கதவு திறந்தது. லைல் ஹாம்ப்டன். எழுபது வயதில் கைத்தடியோடு நின்றான். பழைய தலைவன் என்று தனக்குத் தனியாகக் கொடுத்திருந்த ஜெர்சியைக் கையில் மடித்து வைத்திருந்தான்.

"கேண்டிஸ் சொன்னா. இதுலயும் போடுங்க."

"உன் பேருக்கு மேலதான் இடம் இருக்கு லைல்," என்றேன்.

"தெரியும்." ஜெர்சியை மேஜைமேல் வைத்தான். "அந்தப் பலகைய மாட்டினப்ப குழுத் தலைவர் நான்தான். ஜென் பேரையும் போடலாமான்னு ஒருத்தர் கேட்டாரு. வேண்டாம்னு சொல்லிட்டேன். முக்காலி கோவம் உள்ளேயே இருந்துது. அப்புறம் மறந்தே போச்சு. நான் மறந்தேன், ஊரும் மறந்துடுச்சு."

நான் நாற்காலியை இழுத்துப்போட்டேன். லைல் உட்கார்ந்து, சாயங்காலம்வரை எங்களுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தான். கை நடுங்கியதால் ஒவ்வொன்றுக்கும் நாலைந்து தடவை முயன்றான்.

சனிக்கிழமை மத்தியானம் விழா. ஜெனோவியா வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தாள். வாலஸ் எப்படியோ கூட்டிவந்துவிட்டான். அரங்கத்துக்குள் நுழைந்து நாலடி நடந்தவள் நின்றுவிட்டாள். முன்னால் போய்க்கொண்டிருந்தவர்களின் முதுகுகள் எல்லாவற்றிலும் வெள்ளை நூலில் அவள் பெயர். சிலவற்றில் நேராக, சிலவற்றில் இறங்கி, சிலவற்றில் கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் நெருக்கி. அவள் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். முன்னால் நின்றது லைல். அவன் முதுகில் விரலை வைத்து எழுத்து எழுத்தாகத் தடவினாள். அவன் திரும்பாமல் நின்றான்.

"தப்பு என்னோடது ஜென்," என்றான், முன்பக்கம் பார்த்தபடியே.

"சும்மா நில்லு லைல். படிச்சுக்கிட்டிருக்கேன்."

பிறகு என்னைப் பார்த்தாள். "இத யார் தைச்சது?"

"அது நான்தான்."

"அதான் பாத்தேன். நடுவுல பெரிசா ஓட்டை விட்டிருக்க."

முப்பது வருடத்தில் அந்தக் கோலைப் பற்றி அவள் பேசியது அந்த ஒருமுறைதான். நான் சிரித்து முடிப்பதற்குள் அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பெயர் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். ஐஸுக்குள் போகும் சிறிய கதவுவரை அப்படியே பிடித்து நடந்தாள். அதற்குப்பின் என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போய், நடுக்கோட்டில் நின்று, ஆட்டத்தைத் தொடங்கிவைக்க ரப்பர் வில்லையைக் கீழே போட்டாள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். எவ்வளவு நேரம் கைதட்டினார்கள் என்று தெரியாது. வாலஸ் மட்டும் கைதட்டவில்லை. தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு நின்றான்.

ஜெர்சியைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்ட வேண்டும் என்று வாலஸ் ஆசைப்பட்டான். அவள் கேட்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் உருளைக்கிழங்கு தோண்டுகிறாள், துணி காயப்போடுகிறாள். கைமுட்டியில் மண் கறை போகவே மாட்டேன் என்கிறது. போன மாதம் பெட்ரோல் பங்க்கில் வெளியூர்க்காரர் ஒருவர் அவள் முதுகைப் படித்துவிட்டு, "இதுல உங்க வீட்டுக்காரர் பேரு எதுங்க?" என்று கேட்டாராம்.

"அவரு ஐஸ் மெழுகினவரு, அவரு பேரு இதுல இல்ல," என்றாளாம். "முதல்ல இருக்கறது நான்."

வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு இதைச் சொன்னாள். முழுதாகச் சொல்லி முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.